அந்த ஹெலிகாப்டரை அனுப்பியது யார்?

2023 டிசம்பர் 19 அன்று ஆழ்வார்திருநகரியில் எங்கள் தெருவே மொட்டைமாடியில் இருந்தது. கீழே பழுப்புத் தண்ணீர். கரண்ட் போய் இரண்டு நாள். செல்போன்கள் செத்துக் கிடந்தன. 17ஆம் தேதி பிடித்த மழை ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று கொட்டியிருந்தது. காயல்பட்டினத்தில் பெய்தது, எங்கள் மாவட்டம் ஓராண்டு முழுதும் காணும் சராசரி மழையைவிட அதிகம். இந்தக் கணக்கெல்லாம் பின்னால் பத்திரிகையில் படித்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆறு எது, குளம் எது, ரோடு எது என்ற அடையாளம் போய்விட்டது.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. முதலில் நெஞ்சுக்குள் அதிர்ந்தது, பிறகுதான் காதில் கேட்டது. தென்னைகளுக்கு மேலே தாழப் பறந்து ஒரு ஹெலிகாப்டர் ஊரை ஒரு சுற்றுச் சுற்றியது. பக்கக் கதவு திறந்திருந்தது. அதில் ஒருவர் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டே வந்தார். நாங்கள் கையை ஆட்டினோம். அவர் எங்களைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. அவர் கண் மின்கம்பிகளில் இருந்தது. பிறகு ஹெலிகாப்டர் மேற்கே ஸ்ரீவைகுண்டம் பக்கமாகத் திரும்பிப் போயிற்று.

"ஏய்யா, இத யாருய்யா அனுப்பி வச்சா?" என்று எதிர்வீட்டு ஆச்சி கேட்டாள்.

மூன்று மாடியிலிருந்து மூன்று பதில். "கலெக்டர்தான்" என்றார் ஒருவர். "மெட்ராஸ்லருந்து சொல்லியிருப்பாவ" என்றார் இன்னொருவர். "இதுக்கெல்லாம் டெல்லி கையெழுத்து வேணும்" என்றார் மூன்றாமவர். விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் எங்கள் தெருவில் உண்டு. அவர் நெற்றியில் கையை வைத்து அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வந்தது சூலூர்லருந்து ஆச்சி. போன்னு சொன்னது திருவனந்தபுரம்" என்றார்.

திருவனந்தபுரம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, நனைந்த புத்தகங்களை வெயிலில் காயவைத்த நாட்களில் ஆச்சியின் கேள்வியை நான் விடவில்லை. மாமாவிடம் உட்கார்ந்து கேட்டேன், தேடித் தேடிப் படித்தேன். நான்கு பேர் சொன்னதும் சரி என்று தெரிந்தபோது ஏற்பட்ட வியப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்று ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்தது. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில். முன்னால் தண்டவாளத்தின் அடியில் கிடந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டதால் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். ஏறத்தாழ 800 பயணிகள். அவர்களில் ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனபின் ரோடும் அறுந்தது. மீதிப் பேரைச் சுற்றித் தண்ணீர். தரை வழியாக யாரும் நெருங்க முடியாத அந்த இடத்துக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து போட்டன. ஒரு கர்ப்பிணியையும் ஒரு சிறு குழந்தையையும் உள்ளிட்ட சிலரைத் தூக்கிக்கொண்டு போயின.

விமானப்படைக்குச் சொந்தமான ஒரு பொருளை ஒரு மாவட்டம் கேட்டு வாங்குவது எப்படி? ஆட்சியர் மாநில அரசிடம் கேட்கிறார். மாநில அரசு, தன்னிடம் உள்ளதைக் கொண்டு சமாளிக்க முடியாது என்று தெரிந்ததும், ஒன்றிய அரசிடம் முப்படை உதவி கேட்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் சம்மதிக்க, கோரிக்கை டெல்லி வாயு பவனில் உள்ள விமானப்படைத் தலைமையகத்துக்கு வருகிறது. அங்கிருந்து, எந்த வானத்தின் கீழ் அந்த ஊர் இருக்கிறதோ அந்த வானத்துக்குப் பொறுப்பான கமாண்டுக்குப் போகிறது. உயிர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தால் பக்கத்திலுள்ள படைத்தளபதி இவ்வளவுக்கும் காத்திராமல் உதவலாம் என்ற வழியும் விதிகளில் உண்டு. ஆக, கலெக்டர் என்றவரும் சரி, மெட்ராஸ் என்றவரும் சரி, டெல்லி என்றவரும் சரி.

"எந்த வானத்தின் கீழ்" என்று எழுதினேன். மண்ணைத் தாலுகா, மாவட்டம் என்று பிரித்தது நமக்குத் தெரியும். வானத்தையும் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேற்கு கமாண்டுக்கு டெல்லி, கிழக்குக்கு ஷில்லாங், மத்திக்குப் பிரயாக்ராஜ், தென்மேற்குக்குக் காந்திநகர், தெற்குக்குத் திருவனந்தபுரம் என்று ஐந்து. தெற்கு கமாண்டின் தலைமையகம் அங்கே ஆக்குளத்தில் இருக்கிறது. ஆழ்வார்திருநகரியிலிருந்து நேர்கோடு இழுத்தால் சுமார் 110 கிலோமீட்டர், மலைக்கு அந்தப்புறம். பொதிகை மலை மேகத்தைத் தடுத்துத் தாமிரபரணிக்கு நீர் கொடுக்கிறது என்று சின்ன வயதிலிருந்து படித்திருக்கிறோம். அந்த மலைக்குப் பின்னால் நம் தலைக்கு மேலுள்ள வானத்தின் கச்சேரி இருப்பது எனக்கு ஐம்பது வயதுவரை தெரியாது.

ஐந்தோடு நிற்கவில்லை. நிலமே இல்லாத கமாண்டுகள் இரண்டு உண்டு. பெங்களூரில் பயிற்சி கமாண்ட், நாக்பூரில் பராமரிப்பு கமாண்ட். இந்த இரண்டும் எந்த எல்லையையும் காப்பதில்லை. ஒன்று ஆட்களை உருவாக்குகிறது, இன்னொன்று இயந்திரங்களை உயிரோடு வைத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டின் அழகு எனக்குப் பிடிபட்டது இங்கேதான். எங்கள் ஊருக்கு மேலே பறந்தது போன்ற எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவில் கசான் நகரில் செய்தது. 2012 முதல் நம் படையில் சேர்ந்தது. முழுச் சுமையோடு 13 டன் எடை. முப்பதுக்கு மேற்பட்ட ஆட்களை ஏற்றும். அதை ஓட்டுபவர் ஐதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமியில் பறக்கத் தொடங்கி, ஹக்கிம்பேட்டையில் ஹெலிகாப்டர் கற்றவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர், கற்றுக்கொடுப்பது எப்படி என்பதைச் சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் கற்றவர். இவை அத்தனையும் பெங்களூரின் பொறுப்பு. குறிப்பிட்ட மணிநேரம் பறந்தபின் அந்த ஹெலிகாப்டரைப் பிரித்து, துண்டு துண்டாகச் சோதித்து, மறுபடி கோப்பது சண்டிகரில் உள்ள பழுதுநீக்கும் கிடங்கு. அது நாக்பூரின் பொறுப்பு. இன்றைக்கு எங்கே போக வேண்டும் என்பது திருவனந்தபுரத்தின் பொறுப்பு. ஆக அந்த 13 டன்னுக்குள் மூன்று கமாண்டுகள் ஒரே நேரத்தில் பறந்துகொண்டிருக்கின்றன. பெங்களூர்க்காரருக்கு ஸ்ரீவைகுண்டம் எங்கிருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. திருவனந்தபுரத்துக்காரர் பற்சக்கரத் தேய்மானத்தைப் பற்றித் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இப்படிப் பிரித்துச் சேர்ப்பதை நாங்கள் ஒவ்வொரு வைகாசியிலும் கண்ணால் பார்க்கிறோம். நவதிருப்பதியின் ஒன்பது பெருமாள்களும் ஒன்பது கருட வாகனங்களில் ஆழ்வார்திருநகரிக்கு வந்து நம்மாழ்வாருக்குச் சேவை தருகிற நாள் அது. ஆழ்வார் அன்ன வாகனத்தில் நிற்பார். ஒவ்வொரு கோயிலுக்கும் தனிக் கருடன், தனி அர்ச்சகர், தோளில் சுமக்கத் தனி ஆட்கள். பல்லக்கைச் செப்பனிடுவது, மெருகேற்றுவது, பூ கட்டுவது அந்தந்த ஊர்க் காரியம். பெருங்குளத்துக் கருடனுக்கு எப்போது எண்ணெய் போட்டார்கள் என்று தென்திருப்பேரைக்காரர் கேட்பதில்லை. ஆனால் அன்றிரவு எந்தப் பெருமாள் எந்த வரிசையில், எந்த நேரத்தில், எங்கே நிற்பார் என்பதை ஓரிடத்தில்தான் முடிவு செய்ய முடியும். ஒன்பது ஊரும் தனித்தனியாக முடிவெடுத்தால் மாட வீதி தாங்காது.

விமானத்துக்கு இந்தக் கட்டாயம் இன்னும் கூடுதல். காரணம் அதன் வேகமும் அதன் விலையும். காலாட்படை ஒரு நாளில் கடக்கும் தூரத்தைப் போர் விமானம் இரண்டு மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். அதனால் காலையில் ஓரிடத்திலும் மதியம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னோரிடத்திலும் அதே விமானம் வேலை செய்ய முடியும். இந்தப் பலன் கிடைக்க வேண்டுமானால் அதை ஓர் ஊரோடு கட்டிப்போடக் கூடாது. விலையோ, ஒவ்வொரு தளபதிக்கும் பத்துப் பத்தாகப் பங்கு வைக்கிற அளவுக்கு எந்த நாட்டிடமும் விமானம் இருக்கவிடாது. ஆகவே முழுப் படமும் ஒரு கண்ணுக்குத் தெரிய வேண்டும். எதை எங்கே அனுப்புவது என்பதை அந்தக் கண்ணுக்குரியவர் சொல்ல வேண்டும். போன இடத்தில் எப்படிச் செய்வது என்பதை மட்டும் அவர் சொல்லக் கூடாது. ஏனென்றால் அங்கே நடப்பது அவருக்குத் தெரியாது.

உலகம் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றது. முதல் உலகப் போரில் பிரிட்டனின் தரைப்படைக்கு ஒரு பறக்கும் பிரிவு, கடற்படைக்கு ஒன்று. எஞ்சினுக்கும் ஆளுக்கும் இரண்டும் போட்டி போட்டன. லண்டன் மீது குண்டு விழுந்தது. 1917இல் ஸ்மட்ஸ் என்ற ஜெனரல் கொடுத்த அறிக்கையின்படி இரண்டையும் சேர்த்து 1918 ஏப்ரல் 1 அன்று தனி விமானப்படையை உண்டாக்கினார்கள். அதன் பயன் 1940 கோடையில் தெரிந்தது. ஜெர்மன் விமானங்கள் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிவரச் சில நிமிடங்களே பிடிக்கும். அவற்றுக்காக நாள் முழுதும் வானத்தில் காவல் சுற்ற பிரிட்டனிடம் போதிய விமானமும் இல்லை, பெட்ரோலும் இல்லை. டௌடிங் என்ற தளபதி ஓர் ஏற்பாடு செய்தார். கடலோர ராடார்களும், வானத்தை அண்ணாந்து பார்த்துத் தகவல் சொல்லும் தொண்டர்களும் தரும் செய்திகள் லண்டனுக்கு வெளியே பென்ட்லி ப்ரையரி என்ற மாளிகைக்குள் வந்து சேரும். ஒரே விமானக் கூட்டத்தை மூன்று பேர் மூன்றாகச் சொல்லியிருப்பார்கள். அதைச் சலித்து ஒன்றாக்க அங்கே ஓர் அறை. சலித்த செய்தி பெரிய மேஜை வரைபடத்தின்மீது கட்டைகளாக நகரும். இளம்பெண்கள் நீண்ட கோலால் அவற்றைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து எந்தப் பகுதியில் எந்த ஸ்குவாட்ரன் ஏற வேண்டும் என்று முடிவாகும். ஏறிய விமானிகளுக்குத் தரையிலிருந்து வழி சொல்வார்கள். எதிரி கண்ணில் பட்டுவிட்டது என்று விமானி சொன்ன நொடியில் தரை வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு சண்டை அவருடையது.

இன்று மேஜைக்குப் பதில் திரை. நம் விமானப்படையின் ராடார்களும், பறக்கும் ராடார்களும், பயணிகள் விமானத்துக்கான ராடார்களும் காண்பதை ஒன்றாக்கி ஒரே படமாக்கும் கட்டுப்பாட்டு வலை இயங்குகிறது. ஆனால் சலிக்கும் அறையும், மேஜையும், வாயை மூடிக்கொள்ளும் அந்த நொடியும் உருமாறி உள்ளே அப்படியே இருக்கின்றன.

நம் விமானப்படை பிறந்த நாளாக 1932 அக்டோபர் 8 கொண்டாடப்படுகிறது. முதல் பறக்கும் பிரிவு 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் டிரிக் ரோட்டில் அமைந்தது. நான்கு வாப்பிட்டி விமானங்கள், ஆறு அதிகாரிகள், ஹவாய் சிப்பாய் என்று அழைக்கப்பட்ட 19 வீரர்கள். அன்று உத்தரவு போட ஒரு வராந்தா போதும். விடுதலைக்குப் பின் 1949இல் பறக்கும் பிரிவுகளுக்கு ஒரு கமாண்ட், பயிற்சிக்கு ஒரு கமாண்ட் என்று பிரித்தார்கள். படைத்தலைவர் பதவிக்கு முதல் இந்தியராகச் சுப்ரதோ முகர்ஜி வந்தது 1954 ஏப்ரல் 1இல். கிழக்கு எல்லையில் பதற்றம் ஏற ஏற அங்கே ஒன்று, நடுவில் ஒன்று என்று கமாண்டுகள் முளைத்தன. ஆபத்து எந்தத் திசையில் தெரிந்ததோ அந்தத் திசையில்தான் தலைமையகம் எழுந்தது. தெற்கின் முறை 1984 ஜூலை 19இல் வந்தது. அதுவரை தென்பக்கத்தில் கடல்தானே என்று இருந்துவிட்டார்கள். கடல்தான் வழி என்பது கொற்கையில் முத்து ஏற்றிய காலத்திலிருந்து நமக்குத் தெரியும். டெல்லிக்குத் தெரியக் கொஞ்சம் நாளாயிற்று.

தெரிந்தபின் வேகமாகவே நகர்ந்தார்கள். 2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூரில் 222ஆம் ஸ்குவாட்ரன் சுகோய்-30 விமானங்களோடு நிலைகொண்டது. கப்பலைத் தாக்கும் பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கக்கூடிய விமானங்கள். கோவை அருகே சூலூரில் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் விமானங்களுக்கு இரண்டு ஸ்குவாட்ரன்கள் அமைந்தன. 45ஆம் எண் முதலில் பெங்களூரில் தொடங்கி 2018இல் சூலூருக்கு வந்தது, 18ஆம் எண் 2020 மே மாதம் சேர்ந்தது. மன்னார் வளைகுடாவின் மேலே கேட்கும் இடியெல்லாம் இடியில்லை என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது தெரியும்.

ஸ்குவாட்ரன் என்பதுதான் இந்த மரத்தின் கனி தரும் கிளை. போர் விமான ஸ்குவாட்ரன் ஒன்றில் 16 முதல் 18 விமானங்கள் இருக்கும். அதற்கென்று ஓர் எண், ஒரு சின்னம், ஒரு வரலாறு. ஊர் மாறினாலும் விமானத்தின் வகை மாறினாலும் எண் மாறாது. இந்தியாவுக்கு 42 போர் ஸ்குவாட்ரன்கள் வேண்டும் என்று ஏற்கப்பட்டிருக்கிறது. 1963இல் வந்த மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றபோது கையில் மிஞ்சியவை 29. அமைப்பைப் பற்றி எத்தனை வியந்தாலும் இந்த இடைவெளி என்னை உறுத்துகிறது. குறைவான விமானங்களை ஓரிடத்திலிருந்து பார்த்துப் பார்த்துச் செலவிடும் கலை, குறைய அனுமதிப்பதற்குச் சமாதானமாக ஆகிவிடக் கூடாது.

பதவிப் பெயர்களைப் பற்றி மாமா சொன்னது ஒன்று. ஸ்குவாட்ரன் லீடர் என்று பெயர் இருக்கிறதே, அவர் ஸ்குவாட்ரனுக்குத் தலைவர் இல்லை. அவருக்கு மேலே உள்ள விங் கமாண்டரோ குரூப் கேப்டனோதான் ஸ்குவாட்ரனை நடத்துகிறார். விங் கமாண்டருக்கு விங் கிடையாது, குரூப் கேப்டனுக்குக் குரூப் கிடையாது. பிரிட்டனில் நூறு ஆண்டுக்கு முன் வைத்த பெயர்கள். விமானங்கள் சிக்கலாகி, பொறுப்புகள் கனத்துப்போக, ஒவ்வொரு வேலையும் ஒரு படி மேலே ஏறிவிட்டது, பெயர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. நம்மூரில் பட்டாமணியம் வீடு என்கிறோம். வேலை எப்போதோ போய்விட்டது, பெயர் வாசலில் இருக்கிறது. ஏர் கமோடர் ஒரு பெரிய தளத்தை நடத்துவார். ஏர் மார்ஷல் ஒரு கமாண்டை. ஏர் சீஃப் மார்ஷல் ஒரே ஒருவர், படைத்தலைவர். கமாண்டில் ஏர் மார்ஷலுக்கு அடுத்து அன்றாடப் பறத்தலை நிர்ணயிக்கும் மூத்த அலுவலரை எல்லோரும் சுருக்கமாக "சாசோ" என்பார்கள். திருவனந்தபுரம் சொன்னது என்று மாமா சொன்னால், பெரும்பாலும் சாசோவின் அறை சொன்னது என்று பொருள்.

அந்தச் சொல் சூலூருக்கு வந்து சேர்ந்தால் உடனே விசிறி சுற்றிவிடாது. ஒரு தளம் என்பது ஓடுபாதையும் விமானமும் மட்டுமாக இருந்தால் அப்படி நடக்கலாம். உண்மையில் அது ஓர் ஊர். வானிலை பார்ப்பவர், கட்டுப்பாட்டுக் கோபுரம், எரிபொருள் வண்டி, தீயணைப்பு, மருத்துவர், சமையற்கட்டு, காவல், சம்பளக் கணக்கு. பறப்பவர் ஒருவருக்குப் பின்னால் பறக்காதவர்கள் பல பேர். விமானத்தின் அருகே ஒரு படிவம் இருக்கும். அதற்கு 700 என்று எண். முந்தைய பயணத்தில் என்ன குறை கண்டார்கள், யார் சரிசெய்தார்கள், எவ்வளவு எண்ணெய் ஊற்றினார்கள் எல்லாம் அதில் ஏறும். இயந்திரம் பறக்கத் தகுதியாக இருக்கிறது என்று தொழில்நுட்ப வீரர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு கேப்டன் அதைப் படித்து, சுற்றிவந்து பார்த்து, ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அந்த முதல் கையெழுத்தைப் போடுபவர் ஒரு சார்ஜன்ட்டாக இருக்கலாம், கார்ப்பரலாகவும் இருக்கலாம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டால் ஏர் மார்ஷல் நினைத்தாலும் அந்த ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பாது. மாமா அந்தப் பேனாவைப் பிடித்தவர். "தூக்கம் வராது, தெரியுமா? போனது திரும்பி வர்ற சத்தம் கேக்கற வரைக்கும் காது அங்கதான் இருக்கும்" என்றார். நாற்பது வயதில் வெளியே வந்தவருக்கு எழுபதிலும் அந்தக் காது மாறவில்லை. அன்று மொட்டைமாடியில் அவர் அண்ணாந்து பார்க்காமல் முதலில் தலையைச் சாய்த்துக் கேட்டது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எங்கள் வெள்ளத்துக்கு விமானப்படை மட்டும் வரவில்லை. ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் உள்ள ஐஎன்எஸ் பருந்து தளத்திலிருந்து கடற்படையினர் வந்தார்கள். அவர்களுக்கு மேலிடம் விசாகப்பட்டினம். தரைப்படை வந்தது, அதன் தெற்கு கமாண்ட் புனேயில். கடலோரக் காவல்படைக்குச் சென்னை. ஒரே தாமிரபரணிக் கரைக்கு நான்கு ஊர்களிலிருந்து உத்தரவு. நாடு முழுதும் இதே கதைதான். தரைப்படைக்கு ஏழு கமாண்டுகள், விமானப்படைக்கு ஏழு, கடற்படைக்கு மூன்று. 17 தலைமையகங்களும் 17 ஊர்களில். எந்த இரண்டும் ஒரே ஊரில் இல்லை. 1971 போரில் கிழக்கே தரைப்படைக்குக் கல்கத்தா, விமானப்படைக்கு ஷில்லாங் என்றிருந்ததால், விமானப்படை தன் முன்னணி அலுவலகம் ஒன்றைக் கல்கத்தா வில்லியம் கோட்டையில் வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது.

இதைச் சரிசெய்யத்தான் 2020 ஜனவரி 1இல் முப்படைகளுக்கும் பொதுவான தலைமைத் தளபதி பதவியை உருவாக்கினார்கள். அந்தப் பதவிக்கு முதலில் வந்த ஜெனரல் பிபின் ராவத், 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போகும் வழியில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து மறைந்தது தமிழ்நாடு மறக்காத துயரம். ஒரு பகுதிக்கு ஒரே தளபதி, அவருக்குக் கீழே மூன்று படையும் என்ற திட்டத்தை அவர் முன்னெடுத்தார். விவாதம் தொடர்கிறது. விமானப்படையின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு: இருக்கிற விமானங்களைப் பகுதிவாரியாகப் பங்கு வைத்தால், ஸ்மட்ஸ் எதை ஒட்டவைத்தாரோ அதை மறுபடி உடைப்பதாக ஆகிவிடாதா? வெள்ளத்தில் நின்ற எனக்கோ மறுபக்கமும் தெரிகிறது. நான்கு ஊர் உத்தரவு ஓர் ஊரில் வந்து சேரும்போது, அவற்றைச் சேர்த்துக் கட்ட ஒரு கை வேண்டும். இரண்டு நியாயமும் மெய் என்பதால்தான் இது இத்தனை ஆண்டு இழுக்கிறது. என் மனம் ஒரே தளபதி பக்கம் சாய்கிறது. ஆனால் விமானத்தைப் பங்கு போடாமல் அதைச் செய்ய வழி கண்ட பிறகு.

மீண்டும் அந்த ஹெலிகாப்டருக்கு வருகிறேன். சூலூரிலிருந்து ஸ்ரீவைகுண்டம் நேர்வழியில் சுமார் 275 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். கிளம்பும்போது கேப்டனிடம் இருப்பது ஓர் இடப்பெயரும் ஒரு வேலையும். எந்தப் பக்கமாக நெருங்குவது, இறங்குவதா அந்தரத்தில் நிற்பதா, மேகம் தாழ்ந்தால் திரும்புவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பின்னால் அவரைவிட மூத்த அதிகாரி உட்கார்ந்திருந்தாலும் விமானத்தின் பாதுகாப்பில் கேப்டன் சொல்தான் கடைசி. குடியரசுத் தலைவரிலிருந்து தொடங்கி, அமைச்சர், படைத்தலைவர், கமாண்ட், தளம் என்று இறங்கிவந்த அதிகாரம் முப்பது வயதைச் சுற்றியுள்ள ஒருவரின் இரண்டு கைகளில் வந்து நிற்கிறது.

அங்கேயும் முடியவில்லை. ஹெலிகாப்டர் ஒரு கூரைக்கோ நடைமேடைக்கோ நேர் மேலே நிற்கும்போது, சரியாகத் தன் வயிற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கேப்டனால் பார்க்க முடியாது. பார்க்க முடிவது கதவில் குப்புறப் படுத்திருக்கும் அந்த ஆளால்தான். அவர் அதிகாரி வகுப்பைச் சேர்ந்தவர் இல்லை. சார்ஜன்ட்டோ வாரண்ட் ஆபீசரோ. கயிற்றை இறக்கும் விசை அவர் கையில். காதில் மாட்டிய கருவியில் அவர் பேசத் தொடங்குகிறார்: கொஞ்சம் முன்னால், இன்னும் கொஞ்சம், வலது பக்கம் கம்பி இருக்கிறது, நில், அப்படியே நில். கேப்டன் அவர் சொல்வதைச் செய்கிறார். கேள்வி கிடையாது. எங்கள் கடலோரத்தில் முத்துக்குளித்த காலத்தில், கல்லைக் கட்டி அடிக்குப் போனவர் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால், தோணியில் நின்றவர் ஏன் என்று கேளாமல் தூக்குவார். அடியில் இருப்பவருக்குத்தான் மூச்சின் அளவு தெரியும்.

ஆச்சி இப்போதும் எதிர்வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கு இந்தக் கமாண்டுகளையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டாள். "அந்தக் கதவுல படுத்துக்கிட்டு வந்தானே ஒரு பையன்," என்றாள், "அவன விழுந்துராம யாராவது பிடிச்சிருந்தாவளா?"

இடுப்பில் வார் கட்டி உள்ளே கொக்கியில் மாட்டியிருப்பார்கள் என்று சொன்னேன்.

"நல்லாக் கட்டியிருப்பாவல்லா?" என்றாள்.